காட்டு விறகும் சட்டமும்: இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு ஒரு விளக்கம்

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே தெரிவதையெல்லாம் நாம் காடு என்றே சொல்கிறோம். சட்டத்துக்கு அது ஒரே காடு இல்லை. சவுக்கும் யூக்கலிப்டஸும் நிற்கிற விறகுக் காடு பெரும்பாலும் தோட்டக் கம்பனியின் குத்தகைக்குள் வரும். அதற்கப்பால் இருப்பது வனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடாக இருக்கலாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் கையிலும் இருக்கலாம். நக்கிள்ஸ் மலைக்காடு முன்னதன் பொறுப்பு. ஹோட்டன் சமவெளி, ஹக்கல, சிவனொளிபாதமலைக் காடுகள் பின்னதன் பொறுப்பு. எல்லை தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டே கத்தியை எடுங்கள்.

கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது) முடிந்த மலையில் மிலாறு, அதாவது வெட்டி விழுந்த தேயிலைக் குச்சி, பொறுக்குவது தோட்டத்தோடு பேசித் தீர்க்கிற விஷயம். ஒதுக்குக் காட்டில் அப்படி முடியாது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி, அங்கே அனுமதியின்றி மரம் வெட்டுவது, தீ வைப்பது, நிலம் துப்புரவாக்குவது எல்லாமே குற்றம்.

ஒரு கட்டு விறகுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், காஸ் விலை அப்படி. ஆனால் எல்லா லயமும் ஒரே ஓரத்தை வருடக்கணக்காக வெட்டினால் காட்டோரம் வெளுத்து மாணாப்புல் ஏறுகிறது. வெயில் காலத்தில் மாணா எரியும், கன்றுகள் கருகும், மறுபடி மாணாதான் முளைக்கும். மழை மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோட, கோடையில் பீலியில் (ஊற்றிலிருந்து வரும் குழாயில்) தண்ணீர் நூலாகிவிடும்.

பலருக்குத் தெரியாத இடம் வாகனம். காட்டுக் குற்றம் நிரூபணமானால் மரத்தோடு கத்தி, கோடரி, ஏற்றிய லொறி, முச்சக்கர வண்டி எல்லாம் அரசுடைமையாகலாம். "வண்டி என்னுடையது, ஓட்டியது அவன்" என்பது மட்டும் போதாது. குற்றத்தில் பங்கில்லாத உரிமையாளர், தன் வண்டி அப்படிப் பயன்படாமல் தடுக்க வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். லீசிங் கட்டி முடிக்காத வண்டியை அரை லோட் மரத்துக்காக இரவல் கொடுக்கிறவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்கலாம்.

மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று கம்பிச் சுருக்கு வைப்பதும் இதே வகைச் சிக்கல்தான். நிலம் யாருடையதானாலும் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்தது. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது.

சொந்த வளவு மரத்துக்கும் ஒரு விதி உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா வெட்ட பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும்.

தடைகளையே சொன்னேன். அதே வனச் சட்டத்தில், ஒரு கிராம சமூகத்தின் பயனுக்காகக் காட்டின் ஒரு பகுதியைக் 'கிராமக் காடு' என அமைச்சர் வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவிக்கலாம் என்றும் இருக்கிறது. நம் தோட்டங்களைக் கிராமமாகக் கணக்கெடுப்பதில் எப்போதும் இழுபறிதான். ஆனாலும் வீட்டுக்கும் காணிக்கும் மனு எழுதுகிற சங்கங்கள், விறகுக்கும் நீரூற்றுக்கும் சேர்த்து இதையும் எழுத்தில் கேட்கலாம். மனுவின் பிரதி ஒன்றை வன அலுவலகத்துக்கும், இன்னொன்றைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.