பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் வரவில்லையா?

லினக்ஸ் கணினிகளில் பிரிண்டர் பொருத்தித் தருகிற எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். பிரிண்டரும் ஸ்கேனரும் ஒரே பெட்டியில் இருந்தாலும் லினக்ஸுக்கு அது இரண்டு கருவிகள். அச்சிடுவது கப்ஸ் (CUPS) என்னும் மென்பொருளின் பொறுப்பு, ஸ்கேன் செய்வது சேன் (SANE) என்னும் மென்பொருளின் பொறுப்பு. பிரிண்டரை எத்தனை முறை நீக்கிச் சேர்த்தாலும் ஸ்கேனர் அசையாததற்கு இதுவே காரணம்.

அடுத்து பலர் செய்வதுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. எங்கோ கிடைத்த டிரைவர் ஸ்கிரிப்டை நிர்வாகி உரிமையோடு ஓட்டிவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அதற்கான தேவையும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏர்பிரிண்ட் (AirPrint) அல்லது ஐபிபி எவ்ரிவேர் (IPP Everywhere) என்னும் பொது அச்சு வசதியுள்ள பிரிண்டருக்குத் தனி டிரைவர் வேண்டாம். நெட்வொர்க்கில் உள்ள புதிய ஸ்கேனர்கள் பலவற்றுக்குச் சேன்-ஏர்ஸ்கேன் (sane-airscan) என்னும் பொது டிரைவர் போதும். அது உங்கள் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கும்.

யூஎஸ்பி இணைப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஐபிபி-யூஎஸ்பி (ipp-usb) என்னும் சேவை, கேபிளில் இணைந்த கருவியை நெட்வொர்க் பிரிண்டர்போல நடத்துகிறது. அதற்காகக் கருவியைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்கிறது. முன்பு பழைய டிரைவரோடு சேர்த்த அதே பிரிண்டர் பட்டியலில் இருந்தால், அதற்கு அனுப்பும் பக்கங்கள் வரிசையிலேயே தேங்கும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, முக்காற்புள்ளியிட்டு 631 சேர்த்தால் (localhost:631) கப்ஸின் பக்கம் திறக்கும். அங்கே ஒரே பிரிண்டர் இரண்டு பெயர்களில் நின்றால் பழையதை நீக்குங்கள். ‘நிறுத்தப்பட்டது’ என்ற நிலையில் இருந்தால் மீண்டும் தொடங்கச் செய்தாலே போதும். இதற்காகக் கணினியையே அழித்து நிறுவியவர்களையும் பார்த்திருக்கிறேன்!

ஸ்கேனர் நிர்வாகிக்குத் தெரிந்து, சாதாரணப் பயனருக்குத் தெரியவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல். பல லினக்ஸ் வகைகளில் பயனரை ஸ்கேனர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும். ஸ்கேன் மென்பொருளை எப்போதும் நிர்வாகியாகவே ஓட்டும் பழக்கம் வேண்டாம். வைஃபை கருவி யாருக்குமே தெரியவில்லை என்றால், தீயரண் (firewall) யுடிபி (UDP) 5353 என்னும் போர்ட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கருவிகள் தம் இருப்பை அறிவிப்பது அந்த வழியில்தான்.

கப்ஸ் பயன்படுத்தும் 631 என்னும் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்ட் (cups-browsed) சேவையில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. யுடிபி 631-இல் யார் அனுப்பிய தகவலையும் அது நம்பியது. வேறு சில குறைகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால், போலி பிரிண்டர் ஒன்றைப் புகுத்தி, பயனர் அதில் அச்சிடும்போது கணினியில் கட்டளையை ஓட்ட முடிந்தது. திருத்தங்கள் வந்துவிட்டன; புதுப்பிக்காத கணினிகளுக்கு ஆபத்து தொடர்கிறது. அந்தச் சேவை தேவைப்படாதவர்கள் நிறுத்திவிடலாம்.

பழைய, விலை மலிவான லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு மட்டும் தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாமல் வழியில்லை. அதையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். ராஸ்பெர்ரி பை போன்ற, ஆர்ம் (ARM) வகைச் சில்லுள்ள கணினி வைத்திருப்பவர்கள் அந்த டிரைவர் ஆர்மிலும் ஓடுமா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிரிண்டருக்குப் பணம் கொடுங்கள். அத்தகைய டிரைவர்களில் பல இன்டெல் வகைச் சில்லுகளுக்கு மட்டுமே வருகின்றன.