இணைக்கரைப்பான்: சொல்லும் பொருளும்

கற்பூரம் தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும். எத்தனாலிலோ சுவடின்றிக் கரைந்துவிடும். அந்தத் தெளிந்த கரைசலில் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுவந்தால், தொடக்கத்தில் தெளிவு கெடாது. ஒரு கட்டத்தில் சட்டென்று பால்போல் வெளுக்கும். அதுவரை கற்பூரத்தைத் தாங்கி நின்றது நீரும் எத்தனாலும் சேர்ந்த கலவை. இவ்வாறு நீரோடு ஒன்றாய்க் கலந்து, நீரில் எளிதில் கரையாத பொருளையும் கரையவைக்கும் நீர்மத்தையே ஆங்கிலத்தில் 'கோசால்வெண்ட்' என்கின்றனர்.

'கோ' என்னும் முன்னொட்டு, 'உடன்' எனப் பொருள்படும் லத்தீன் 'கும்' என்பதன் வழிவந்தது. 'சால்வெண்ட்' என்பதன் வேரான 'சொல்வெரே' அவிழ்த்தலையும் தளர்த்துதலையும் குறிக்கும். புளியைக் கரைக்கும் அன்றாட வினையிலிருந்தே கரைப்பான், கரைபொருள், கரைசல், கரைதிறன் எல்லாம் நமக்குக் கிடைத்துவிட்டதால், இச்சொல்லைத் தமிழாக்க முடிவுசெய்ய வேண்டியது முன்னொட்டை மட்டுமே. 'உடன்கரைப்பான்' வேருக்கு நெருக்கமானது என்றாலும், உடனே கரைப்பது என்று மயங்க இடம் தருகிறது. 'துணைக்கரைப்பான்' என்றால், துணை இயக்குநர் என்பதைப் போல ஒருபடி கீழான பணி தொனிக்கிறது. உண்மையில் நிலத்தடியில் சேரும் எண்ணெய்த்தன்மையுள்ள மாசு நீரைவிட இந்த நீர்மத்தையே நாடுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஹில் விமானப்படைத் தளத்தில், நிலத்தடியில் தேங்கிய எண்ணெய் மாசைக் கழுவியெடுக்க 1990-களில் செலுத்திய கலவையில் எத்தனால் 70 விழுக்காடு, பென்டனால் என்னும் இன்னோர் ஆல்கஹால் 12 விழுக்காடு, நீர் வெறும் 18 விழுக்காடு. அங்கே எது எதற்குத் துணை? ஆகவே 'இணைக்கரைப்பான்' என்பதே என் தேர்வு. எண்ணெயின் இயல்பையும் நீரின் இயல்பையும் இணைக்கும் வேலையும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால், பூச்சி உருண்டையில் பயன்படும் நாப்தலீன் போன்றவற்றுக்கு இடம் தருவதில்லை. 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 31 மில்லிகிராம் நாப்தலீனே கரையும். எத்தனால் கலக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. அதன் பங்கு சீராகக் கூடக்கூட, மாசின் கரைதிறன் கூட்டல் கணக்கில் அன்றிப் பெருக்கல் கணக்கில் ஏறும் என்பதே மருந்தாக்கவியல் அறிஞர் சாமுவேல் யால்கோவ்ஸ்கி வகுத்த மடக்கை நேர்கோட்டுச் சமன்பாட்டின் சாரம். நிலக்கரித் தாரில் உள்ள, நீரை வெகுவாக வெறுக்கும் ஆந்த்ரசீனுக்கு இந்த ஏற்றம் பெட்ரோலில் உள்ள பென்சீனைவிட மிகுதி.

சோப்பு போன்ற பரப்பு இயங்கிகளை இச்சொல்லால் குறிப்பது பிழை; அவை நுண்திரள்களை உண்டாக்கி மாசை அவற்றுக்குள் ஏற்றுகின்றன, இணைக்கரைப்பானோ நீர்மத்தின் இயல்பையே மாற்றுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் நிலத்தடியில் கசியும்போதும் இதே கவனம் தேவை. நிலத்தடி நீரில் எத்தனால் சுமார் 10 விழுக்காட்டுக்குக் கீழே நீர்த்துவிட்டால் இணைக்கரைப்பு விளைவு சிறிதே. எனினும் நுண்ணுயிரிகள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பென்சீன் சிதையாமல் மேலும் தொலைவு பரவக்கூடும். அதை இணைக்கரைப்பு என்ற பெயரில் சேர்க்கக்கூடாது.