யங் அடல்ட்: வளர்ந்தவரா, வளர்பவரா?

நூலக அடுக்குகளிலும் புத்தக அட்டைகளிலும் ‘யங் அடல்ட்’ என்றும், பேச்சில் சுருக்கமாக ‘ஒய்ஏ’ என்றும் வழங்கும் சொற்றொடர், ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்களை மனத்தில் கொண்டு எழுதப்படும் கதைகளைக் குறிக்கிறது. இந்த வயது வரம்பு அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு கைக்கொள்வது. எனக்கு இப்போது 17 வயது ஆகிறது. எனவே இந்த வகைக் கதைகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்று சொல்லப்படுகிறதோ, அந்தக் கூட்டத்தில் நானும் இன்னும் சில மாதங்களுக்கு இருப்பேன். இச்சொல்லுக்கு நல்ல தமிழ் தேடத் தொடங்கியபோதுதான், அண்மைக் காலத்தில் படித்த நாவல்கள் பலவற்றின் மீது எனக்கிருந்த மனக்குறைக்கான காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதைக் கண்டேன்.

‘அடல்ட்’ என்பதும், பதின்ம வயதினரைக் குறிக்கும் ‘அடலசென்ட்’ என்பதும் உடன்பிறந்த சொற்கள். ‘வளர்தல்’ என்று பொருள்படும் ‘அடொலெஸ்கெரெ’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து இரண்டும் பிறந்தன. அவ்வினைக்கும் அடியில் ‘ஊட்டுதல்’ என்னும் பொருளுடைய ‘அலெரெ’ என்னும் வினை இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காலத்தில் மட்டுமே. தமிழ் இலக்கணத்தின் கண்கொண்டு பார்த்தால், ‘அடலசென்ட்’ நிகழ்காலத்தில் நின்று ‘வளர்கின்றவர்’ என்றும், ‘அடல்ட்’ இறந்தகாலத்தில் நின்று ‘வளர்ந்தவர்’ என்றும் பொருள் தரும். அப்படியானால் ‘யங் அடல்ட்’ என்பதன் நேர்ப்பொருள் ‘இளைய வளர்ந்தவர்’ என்றாகிறது. வளர்ந்து கொண்டிருப்பவரை வளர்ந்து முடித்தவராகக் கொண்டு, பிறகு ‘இளைய’ என்று ஓர் அடைமொழி சேர்த்துச் சமாதானம் செய்துகொள்கிற சொல் அது.

இந்தச் சமாதானம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் சாரா டிரிம்மர் 1802இல் தொடங்கிய ‘தி கார்டியன் ஆஃப் எஜுகேஷன்’ என்னும் இதழில், 14 வயதைக் கோடாக வைத்து, அதற்குக் கீழ்ப்பட்டோருக்கான நூல்களையும் 14 முதல் 21 வரையுள்ள ‘இளம் நபர்களுக்கான’ நூல்களையும் பிரித்துப் பேசினார். அவர் ‘வளர்ந்தவர்’ என்ற சொல்லை அங்கே கொண்டுவரவில்லை. அமெரிக்காவில் 1940களில் இத்தகைய கதைகளை ‘ஜூனியர் நாவல்’ என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. 1957இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன்னுள் ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தி, அதன் பெயரிலேயே ‘யங் அடல்ட்’ என்பதைப் பொறித்தபோதுதான் இச்சொல்லுக்கு நிலைத்த இடம் கிடைத்தது.

பெயர் சூட்டியவர்கள் நூலகர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பால்டிமோர் நகரத்தின் ஈனாக் பிராட் நூலகத்தில் பணியாற்றிய மார்கரெட் எட்வர்ட்ஸ் போன்றோர், சிறார் பகுதியிலிருந்து பெரியவர்களின் பகுதிக்கு ஒரு பாலம் போடுவதையே தம் வேலையாகக் கருதினார்கள். பதினைந்து வயதுக்காரரைச் சிறார் பகுதிக்கு வரச் சொன்னால் வரமாட்டார். பெரியவர்களின் பகுதியில் தனியே விட்டால் திகைத்துப் போவார். அவரை ‘இளைய வளர்ந்தவர்’ என்று அழைத்தது ஒருவகை மரியாதை. அன்று அவர்கள் பரிந்துரைத்த நூல்களில் பெரும்பங்கு பெரியவர்களுக்காக எழுதப்பட்டவையே. ஆகவே அந்தக் கட்டத்தில் இச்சொல் வாசகரைக் குறித்ததே தவிர, நூலைக் குறிக்கவில்லை. 1967இல், பதினெட்டே வயதான எஸ். இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளியான பிறகு, இந்த வயதினரைப் பற்றி இந்த வயதினருக்காகவே எழுதப்படும் நாவல் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. சொல்லும் மெல்ல மெல்ல வாசகரை விட்டு நகர்ந்து நூலின் மேல் ஏறி அமர்ந்தது. இன்று ‘ஒய்ஏ’ என்றால் எவரும் ஆளை நினைப்பதில்லை, ஒரு வகை நாவலைத்தான் நினைக்கிறார்கள்.

நூலின் மேல் ஏறிய சொல் நூலோடு சேர்ந்து விற்பனைக்கும் வந்தது. நூல் விற்பனைத் தகவல்களைத் திரட்டும் பௌக்கர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 17 வயதினருக்கென்று பதிப்பிக்கப்படும் நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதைக் கடந்தவர்கள்; 30 முதல் 44 வயது வரையுள்ளவர்களே அவர்களில் பெரிய கூட்டம். அவர்களில் மிகப் பலர் பிள்ளைகளுக்காக அல்ல, தாம் படிப்பதற்காகவே வாங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் எதைப் படிக்கலாம் என்று நாங்கள் வரம்பு விதிக்க முடியாது, விதிக்கவும் விரும்பவில்லை. ஆனால் வாங்குபவர் யாரோ அவரை நோக்கியே எழுத்து சாயும் என்பது எல்லாத் தொழிலுக்கும் பொதுவான நியதி. ‘யங் அடல்ட்’ என்னும் தொடரில் முதற்சொல் மெலிந்து இரண்டாம் சொல் பருத்துவிட்டதை நான் படித்த நாவல்களில் பார்க்கிறேன்.

ஒளிக்காமல் சொல்வதானால், அண்மைக் கால நாவல்களின் நாயகிகளும் நாயகர்களும் ஏறக்குறைய எல்லோரும் என் வயதினர்; 17 வயது, அல்லது 18ஐத் தொடப் போகும் 17 வயது. பதின்மூன்று, பதினான்கு வயதில் நிற்கும் ஒருவரை மையமாகக் கொண்ட கதையைத் தேடினால் கைக்கு அகப்படுவது அரிது. சிறார் கதை பன்னிரண்டோடு முடிந்துவிட, ஒய்ஏ பதினேழில் தொடங்குவது போன்ற ஒரு பள்ளம் நடுவில் விழுந்திருக்கிறது. எனக்குப் படிப்பு மிகவும் தேவைப்பட்ட வயது அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய குறை, அந்தப் பதினேழு வயதினர் பேசும் விதம். தம் அச்சம் எங்கிருந்து வந்தது, தாம் ஏன் ஒருவரைத் தள்ளி வைக்கிறோம், தந்தையின் எந்தச் செயல் தம்மை இப்படி ஆக்கியது என்றெல்லாம் அவர்கள் மனநல ஆலோசகரின் குறிப்பேட்டைப் பார்த்து வாசிப்பவர்களைப் போல விளக்குகிறார்கள். என் வயதில் எனக்குக் கோபம் வரும்; அது கோபம் என்பதே மறுநாள்தான் தெரியும். அந்த மறுநாள் வரைக்குமான குழப்பம்தான் கதைக்குரிய இடம் என்று நான் நினைக்கிறேன். அந்த இடத்தைத்தான் இந்த நாவல்கள் தாண்டிக் குதிக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இவ்வகை நாவல்களில் பல, தன்மையிடத்தில், நிகழ்காலத்தில் எழுதப்படுகின்றன. ‘கதவைத் திறக்கிறேன், உள்ளே யாரோ நிற்கிறார்கள்’ என்பது போன்ற நடை. தமிழில் நெடுநேரம் படித்தால் விளையாட்டு வருணனை கேட்பது போல இருக்கும் என்பது வேறு விஷயம். அடுத்த கணம் என்ன நடக்கும் என்று அறியாதவரின் குரல் என்பதே அந்த நடைக்குரிய நியாயம். ஆனால் அக்குரலுக்குள் இருக்கும் மனமோ எல்லாவற்றையும் கடந்து வந்து திரும்பிப் பார்க்கிற மனமாக இருக்கிறது. வினைமுற்று நிகழ்காலத்திலும் மனம் இறந்தகாலத்திலும் நிற்கும் இந்த முரண், ‘இளைய வளர்ந்தவர்’ என்ற சொல்லிலேயே உள்ள அதே முரண்தான்.

எதிரியாக அறிமுகமாகிறவரே காதலர் ஆவார் என்று அட்டையிலேயே அறிவித்து விற்கும் பழக்கத்தையும், ஒரே கதையை இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்து முதற்பகுதியைத் தொங்கவிட்டு நிறுத்தும் பழக்கத்தையும் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அலுப்பாக இருக்கிறது என்பதோடு விடுகிறேன். மாறாக, கவிதை வரிகளிலேயே முழுக்கதையையும் சொல்லும் நாவல்களை நான் மதிக்கிறேன். பக்கத்தில் மீதமிருக்கும் வெற்றிடம், சொல்லத் தெரியாத ஒருவரின் மௌனத்துக்கு இடம் விடுகிறது. இழப்பையும் மனச்சோர்வையும் நீதி புகட்டாமல் பேசும் துணிவும் இந்த வகைக்கு உண்டு. அதற்காகவே நான் இன்னும் இதைப் படிக்கிறேன்.

இனித் தமிழுக்கு வருவோம். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘இளம் வயதுவந்தோர் புனைகதை’ என்று ஒரு தொடர் கிடைக்கிறது. ‘வயது வந்தோர் கல்வி’, ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்பனவற்றைப் பார்த்து ஒட்டிய சொல் அது. ஆனால் தமிழில் ‘வயது வந்தவர்’ வேறு, ‘வயதுக்கு வந்தவர்’ வேறு. ஒரு ‘கு’ உருபு சேர்ந்ததும் பொருள் பூப்புக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்னும் திரைப்பட அறிவிப்பும் காதில் ஒலிக்கும். இந்தச் சங்கடங்களைச் சுமந்துகொண்டு ஒரு தொடர் பதினைந்து வயதுக்காரரின் கையில் இருக்கும் நூலின் மேல் ஏற முடியாது.

‘பதின்ம வயதினர்’ பரவலாக வழங்கும் சொல். ஆங்கிலத்தில் எண்ணுப்பெயர்களின் ஈற்றில் வரும் ‘டீன்’ என்பதை ஒட்டி, 13 முதல் 19 வரையுள்ளோரைக் குறிக்க ஆக்கப்பட்டது. தமிழ் எண்ணுப்பெயரோ அதற்கு முழுதும் ஒத்துப்போவதில்லை: நமக்குப் ‘பதின்’ பதினொன்றில் தொடங்கி, பன்னிரண்டில் வடிவம் மாறி, பதினெட்டோடு நின்றுவிடுகிறது, அடுத்தது பத்தொன்பது. நூலகச் சங்கத்தின் 12 முதல் 18 வரை என்னும் வரம்புக்கு ஆங்கில எண்ணைவிடத் தமிழ் எண் நெருக்கமாக இருப்பது தற்செயல்தான் என்றாலும் ரசிக்கத்தக்கது. எனினும் ‘பதின்மர்’ என்றால் பத்துப் பேர் என்பதே மரபான பொருள். திருக்குறளுக்கு உரை எழுதியவர்களைப் பதின்மர் என்கிறோம். தவிர, வயதை எண்ணிக் காட்டும் சொல் அந்தப் பருவத்தின் இயல்பைக் காட்டுவதில்லை.

பழஞ்சொற்களில் தேடினால் செல்வம் நிறைய இருக்கிறது, பயன்படுத்தத்தான் வழியில்லை. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்து, 12, 13 வயதினளை மங்கை என்றும் 14 முதல் 19 வரையுள்ளவளை மடந்தை என்றும் சொல்கின்றன; ஆணுக்கு மீளி, காளை, விடலை என்று வேறு வரிசை. இருபாலாரையும் ஒருங்கே தழுவும் பெயர் அந்த வரிசைகளில் இல்லை. ‘விடலை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். சங்க மரபில் அது பாலைநிலத் தலைவனின் பெயர். காதலியை அழைத்துக்கொண்டு வீட்டையும் ஊரையும் விட்டு வெளியேறுகிறவன். இன்றோ ‘விடலைப் பையன்’ என்றால் பொறுப்பில்லாதவன் என்னும் ஏளனம் ஒட்டிக்கொள்கிறது.

அப்படி வெளியேறிய பெண்ணைத் தேடிக் களைத்த செவிலித்தாயின் கூற்றாக வெள்ளிவீதியார் பாடியது குறுந்தொகையின் 44ஆம் பாட்டு. ‘காலே பரிதப்பினவே’ என்று தொடங்கும் அந்தப் பாட்டில் கால் தளர்ந்ததும் கண் ஒளி இழந்ததும் தேடுகிறவளுக்கு. போனவளின் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. குறையாக இதைச் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் பெரியவர் பெரியவராகவே பேசுகிறார், இளையவரின் வாயைக் கடன் வாங்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

‘இளையோர்’ எளிய, இனிய சொல். ‘இளையோர் இலக்கியம்’ என்பது வழக்கிலும் இருக்கிறது. சிக்கல், அதன் அகலம். ஐக்கிய நாடுகள் அவை 15 முதல் 24 வரை என்கிறது. இந்தியாவின் 2014ஆம் ஆண்டு இளையோர் கொள்கை 29 வரை நீள்கிறது. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருதிலோ 35 வயது வரை இளமை, அதுவும் எழுதுகிறவரின் இளமை. இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘கட்டிளமைப் பருவம்’ வயதைச் சரியாகக் குறிக்கிறது. ஆயினும் கட்டுடலை நினைவூட்டும் அச்சொல் எல்லா நாட்டுத் தமிழருக்கும் பழக்கமானதன்று.

எஞ்சியிருப்பது, பாடநூல்களிலும் மருத்துவத் துண்டறிக்கைகளிலும் பார்த்துப் பழகிய ‘வளரிளம் பருவம்’. துண்டறிக்கை வாசனை அடிக்கும் சொல் என்று நான் நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தேன். இலக்கணம் படித்த பிறகு கருத்து மாறியது. ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்கிறது நன்னூல். ‘வளர்’ என்னும் பகுதி மட்டும் பெயரோடு சேரும்போது வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்னும் மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கின்றன; ‘வளர்பிறை’யில் நிற்பது போல. இலத்தீன் ஒரு காலத்தைத் தேர்ந்தே ஆக வேண்டியிருந்த இடத்தில் தமிழ் தேர்ந்தெடுக்காமலே நின்றுவிடுகிறது. நேற்று வரை வளர்ந்ததும் இன்று வளர்ந்து கொண்டிருப்பதும் இனி வளரப் போவதும் ஒரே ஆளுக்குள் இருக்கும் பருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லமைப்பு எனக்குத் தெரியவில்லை.

எனவே ‘யங் அடல்ட் ஃபிக்‌ஷன்’ என்பதற்கு ‘வளரிளையோர் புனைவு’ என்பதை முன்வைக்கிறேன். ‘வளரிளம் பருவத்தினர்’ என்பது நீளம். ‘வளரிளையோர்’ நாவுக்கு எளிது. ஒருமையில் ‘வளரிளையர்’ எனலாம். நாவலை மட்டும் சுட்ட வேண்டுமானால் ‘வளரிளையோர் நாவல்’ என்றாலே போதும். ‘புதினம்’ என்போர் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 18 வயதைக் கடந்தவர்களுக்கென்று 2009இல் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் அறிமுகப்படுத்திய ‘நியூ அடல்ட்’ என்னும் வகையை இதனோடு குழப்பாமல் ‘முதிரிளையோர் புனைவு’ என்று பிரித்துக்கொள்ளலாம், அதுவும் வினைத்தொகையே. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘வளரிளையோர் புனைவு’ என்பது வளரிளையோர் எழுதிய புனைவு என்றும் விரியும். அவர்களே எழுதியதைச் சொல்லும் இடத்தில் ‘வளரிளையோர் எழுதிய புனைவு’ என்று விரித்தே எழுத வேண்டும். இப்போதைக்கு அந்தத் தேவை அடிக்கடி வருவதில்லை.