அலமு: பூவும் பெண்ணும் போன பெயர்

அலமு என்பது அலமேலுவின் செல்லப் பெயர். அலமேலுவும் முழுப் பெயர் அன்று. ‘அலர்மேல்மங்கை’ தேய்ந்து வந்த வடிவம். அலர் என்றால் மலர். தாமரை மேல் வீற்றிருக்கும் திருமகளுக்கு இந்தப் பெயர். திருவேங்கடமுடையானைப் பாடும்போது ‘அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா’ என்கிறார் நம்மாழ்வார். திருச்சானூர்த் தாயாருக்கும் அதே பெயர்தான். அன்னமாசாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளிலும் இந்தத் தமிழ்ப் பெயரே ‘அலமேல்மங்க’ என்று ஒலிக்கிறது.

பேச்சில் ரகர மெய் நழுவியது. பால் ‘பாலு’ ஆவதுபோல் மேல் ‘மேலு’ ஆயிற்று. மங்கை என்ற சொல் அடியோடு போய்விட்டது. ஆக, அலமேலு என்றால் ‘பூவின் மேல்’ என்று மட்டுமே பொருள்; யார் என்பது சொல்லில் இல்லை! அலமுவிலோ ‘மேல்’ என்பதிலும் மகரம் ஒன்றே மிச்சம். கொல்லையில் கிணற்றடியில் இருப்பவளை அடுப்படியிலிருந்து ‘அலர்மேல்மங்கை’ என்று யார் கூப்பிடுவார்கள்? ‘அலமூ...’ என்று நீட்டினால் குரல் போய்ச் சேரும். காமாட்சி காமுவானதும் ரங்கநாதன் ரங்குவானதும் இப்படித்தான்.

கிட்டுவின் வழி வேறு. கிருஷ்ணன் தமிழ் ஒலிக்கு இசைந்து கிருட்டிணன், கிட்டிணன் என்றாகி, கிட்டு என்று சுருங்கியது. விஷ்ணு ‘விட்டு’ ஆனதும் இதே முறையில்தான். பெரியாழ்வார் தம்மை ‘விட்டுசித்தன்’ என்றே பாடிக்கொள்கிறார். அதனால் கிட்டு, அலமு போன்றவற்றைக் கொச்சை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘நிக்நேம்’ என்று இன்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். தமிழில் அன்பால் அழைப்பது செல்லப் பெயர். கேலியாகச் சூட்டுவது பட்டப்பெயர். தஞ்சாவூர் தஞ்சை ஆவதுபோல் சொல் தேய்ந்து வழங்குவதற்கு இலக்கணம் வைத்த பெயர் மரூஉ. மருவுதல் என்றால் தழுவுதல், பழகுதல். ஒரு பொருளை அதற்கு இயல்பாய் அமைந்த சொல்லால் சொல்வது இயல்பு வழக்கு; நன்னூல் மரூஉவை அதில் சேர்த்திருக்கிறது.

செல்லப் பெயரின் வழியாகவே புகழ்பெற்ற பெயரும் உண்டு. வேங்கடராமன் என்று பெயரிடப்பட்ட சிறுவனை வீட்டில் ‘சாமா’ என்றார்கள்; சாமிநாதன் என்பதன் சுருக்கம் அது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வேங்கடராமனைவிட சாமிநாதனே பிடித்துப்போயிற்று. உ.வே.சா. என்பதில் உள்ள ‘சா’ அந்தச் சாமாதான்.