பொது மீட்டருக்கும் சூரிய மின் மானியம்: அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு விளக்கம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்கட்டணம் என்றாலே எல்லோரும் தங்கள் வீட்டுக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதைத் தாண்டிச் சிக்கனமாகப் பயன்படுத்துபவர்களுக்கும் கட்டணம் குறைவுதான். சங்கத்தின் பணத்தை விழுங்குவது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்னொரு மீட்டர். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், நடைபாதை விளக்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

2022 செப்டம்பர் கட்டண மாற்றத்துக்கு முன்பு அந்தப் பொது இணைப்பும் வீட்டுக் கட்டணத்தில்தான் இருந்தது. அந்த மாற்றத்தில் அதற்கென்று 1-டி என்ற தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய். இலவச யூனிட் கிடையாது. கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் தனி. அடுத்தடுத்த உயர்வுகளில் அது 8 ரூபாயையும் தாண்டிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் 2023 அக்டோபரில் சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 5.50 ரூபாயாகக் குறைத்து முதலமைச்சர் அறிவித்தார். பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருந்தால்தான் அந்தச் சலுகை. லிஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு முழுக் கட்டணம்தான்.

இந்தப் பொது மீட்டருக்குக் கைகொடுக்கக்கூடியது 'பி.எம். சூர்ய கர்: முஃப்த் பிஜிலி யோஜனா'. கூரையில் சூரிய மின் பேனல் போட மானியம் தரும் இந்தத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடுகள், காலம் 2026-27 நிதியாண்டு வரை. விளம்பரங்கள் எல்லாம் தனி வீட்டுக்கான 78,000 ரூபாயைப் பற்றியே பேசுவதால், குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெயரில் இருக்கும் 'முஃப்த் பிஜிலி', அதாவது 'இலவச மின்சாரம்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலீட்டின் பெரும்பகுதி உங்களுடையது. அரசு தருவது மானியம் மட்டுமே.

எவ்வளவு கிடைக்கும்?

தனி வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் 78,000 ரூபாயோடு நின்றுவிடும். சங்கங்களுக்குக் கணக்கு வேறு. பொதுப் பயன்பாட்டுக்காக அமைக்கும் சூரிய மின் நிலையத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீடு ஒன்றுக்கு 3 கிலோவாட் என்று கணக்கிட்டு, அதிகபட்சம் 500 கிலோவாட் வரை இது உண்டு. மின் வாகனங்களுக்கான சார்ஜிங் வசதியும் பொதுப் பயன்பாட்டிலேயே சேரும். குடியிருப்பவர் யாராவது தன் பெயரில் தனியாகப் பேனல் போட்டிருந்தால், அதுவும் இந்த வரம்புக்குள் அடங்கும்.

40 வீடுகள் உள்ள கட்டடத்துக்கு விதிப்படி 120 கிலோவாட் வரை இடமுண்டு. நடைமுறையில் அத்தனை இடம் மொட்டை மாடியில் இருக்காது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி, அதுவும் நிழல் விழாத இடமாக வேண்டும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எல்லாம் போக 2,000 சதுர அடி தேறினால் 20 கிலோவாட் போடலாம். மானியம் 3,60,000 ரூபாய். நம் ஊர் வெயிலுக்குக் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 4,800 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டாலே 38,400 ரூபாய். இதே 4 யூனிட், மாதம் நூற்றுச் சொச்சம் யூனிட் செலவழிக்கும் வீட்டு மீட்டரில் மிச்சப்படுத்துவது மிகச் சொற்பம். அதனால்தான் சங்கம் பொது மீட்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் பேனலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நடைபாதைகளில் இன்னும் பழைய சோக் வைத்த குழல் விளக்குகள் எரியும் கட்டடங்கள் ஏராளம். அப்படி 30 விளக்குகளை எல்இடிக்கு மாற்றினால் விளக்குக்கு 30 வாட் மிச்சம். இரவு 12 மணி நேரம் எரிவதாகக் கொண்டால் இரண்டு மாதத்தில் 648 யூனிட், அதாவது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி, ஆள் வந்தால் மட்டும் எரியும் வாகன நிறுத்த விளக்குகள் ஆகியவையும் இந்த வகைதான். இவற்றுக்கு மானியம் இல்லை, விண்ணப்பம் இல்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவது வெட்டிச் செலவு.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் பொது இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சிறிய குடியிருப்புகளில் ஆண்டுகள் பல கடந்தும் அது கட்டிக் கொடுத்தவரின் பெயரிலேயே இருக்கும். சங்கத்தின் பெயருக்கு மாற்றாமல் மேற்கொண்டு போனால் பின்னால் மானியம் வரும் கட்டத்தில் சிக்கல்தான். சங்கம் பதிவு பெற்றதாகவும், அதன் பெயரில் வங்கிக் கணக்கு உள்ளதாகவும் இருக்க வேண்டும். அடுத்தது அனுமதிக்கப்பட்ட மின்பளு, அதாவது அந்த இணைப்பில் ஒரே நேரத்தில் எடுக்க மின்வாரியம் அனுமதித்திருக்கும் அளவு. தமிழ்நாட்டு விதிகளின்படி சூரிய மின் நிலையத்தின் திறன் இதைத் தாண்டக் கூடாது. பொது இணைப்பின் மின்பளு 12 கிலோவாட் என்றால் 20 கிலோவாட் பேனலுக்கு முதலில் மின்பளுவை உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினால் நிலைக்கட்டணமும் கூடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஆகவே பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். சண்டை வருவதும் இங்கேதான். துணி காயவைக்கும் கொடி எங்கே போகும், வடாம் எங்கே போடுவது, துளையிட்டால் மேல்தள வீட்டில் ஒழுகினால் யார் பொறுப்பு என்று கேள்விகள் வரும். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆள் நடமாடும் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் கீழே இடம் கிடைக்கும், செலவு கூடும். ஒழுகல் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுத்துப்பூர்வமாக வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பம் பி.எம். சூர்ய கர் தேசிய இணையதளத்தில். பொது மீட்டரின் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து, குடியிருப்போர் சங்கம் என்ற வகையில் பதிய வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலேயே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அதற்கு மேல் என்றால் ஆய்வுக்கு 15 நாள் வரம்பு. அந்த இணையதளத்தின் பட்டியலில் பதிவான நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பேனல்களும் அவற்றின் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் கடமை. பொருத்தி, இருவழி மீட்டர் வைத்து, மின்வாரியம் ஆய்வு செய்து, இயக்கச் சான்று வந்த பிறகே மானியம் நேராகச் சங்கத்தின் கணக்குக்கு வரும். அதாவது முழுத் தொகையையும் முதலில் சங்கம் புரட்டியாக வேண்டும். 'மானியத்தை நாங்களே வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

விற்க வருபவர்கள் பெரும்பாலும் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, மின்கட்டமைப்போடு இணைந்த சூரிய மின் நிலையம் மின்வெட்டின்போது ஓடாது. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் மேல் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அது தானாகவே நின்றுவிடும். லிஃப்ட் நடுவில் நிற்காமல் இருக்க ஜெனரேட்டரோ பேட்டரியோ வேண்டும். இரண்டாவது, மீட்டர் முறை. 'நெட் மீட்டரிங்' என்றால் வாரியத்துக்குக் கொடுத்த யூனிட், எடுத்த யூனிட்டோடு நேருக்கு நேர் கழியும். 'நெட் பில்லிங்' என்றால் கொடுத்ததற்கு வேறு, குறைந்த விலையில்தான் கணக்கு வைப்பார்கள். உங்கள் பொது இணைப்புக்கு எது என்பதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற்ற பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். எந்த முறையானாலும் விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் போடும் பழக்கத்தை விட்டுப் பகல் பதினொரு மணிக்கு மாற்றுவது நல்லது. நெட் பில்லிங்கில் இது கணிசமான பணம். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம்.

புதிதாகக் கட்டப்படும் குடியிருப்பில் வீடு வாங்குபவர்கள் கேட்க வேண்டியது வேறு. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட ஆற்றல் விதித்தொகுப்பு, கூரை நீங்கலாக வெளிச்சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. விற்பனைக் கூடத்தில் இந்த எண் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாமல் விழித்தால், ஏசிக்கு எவ்வளவு செலவாகும் என்று ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

பேனல் ஓடத் தொடங்கிய பிறகு வரும் முதல் பில்லை அப்படியே கட்டிவிடாதீர்கள். வாரியத்திடமிருந்து எடுத்த யூனிட், வாரியத்துக்குக் கொடுத்த யூனிட் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்த யூனிட் பூஜ்யம் என்றிருந்து, அதே நாட்களில் பேனலோடு இணைந்த இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தி பொதுப் பயன்பாட்டைவிடக் கூடுதலாக இருந்தால், உடனே பிரிவு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.