சங்கிலியிலேயே கிடக்கும் பக்கத்து வீட்டு நாய்

கடலூரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம், நாயை அழைத்து வராமலேயே நாய்க்காக வருகிறவர்கள் உண்டு. கையில் செல்போன் மட்டும் இருக்கும். மொட்டை மாடியிலிருந்தோ ஜன்னல் இடுக்கு வழியாகவோ எடுத்த படத்தைக் காட்டுவார்கள். "பக்கத்து வீட்டு நாய், டாக்டர். எப்போது பார்த்தாலும் கட்டியே கிடக்கிறது. ராத்திரியெல்லாம் ஊளையிடுகிறது. போய்க் கேட்டால் வீண் வம்பு என்று வீட்டில் தடுக்கிறார்கள்." இதைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். ஏதோ தப்புச் செய்ய வந்தவர்களைப் போலத் தயங்குவார்கள். அப்படித் தயங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் நான் முதலில் பார்ப்பது தரையை. சங்கிலி எட்டும் தூரம் வரை புல் பூண்டு இல்லாமல் மண் தேய்ந்து வட்டமாகத் தெரிந்தால், நாய் மாதக்கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வட்டத்துக்குள் பழைய மலம் காய்ந்து கிடந்தால் இன்னும் மோசம். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்ய எந்த நாயும் விரும்பாது. அவிழ்த்துவிட ஆளில்லாமல்தான் செய்கிறது. அடுத்தது நகம். நடக்கிற நாய்க்குத் தரையில் உரசித் தேய்ந்துவிடும். கட்டிக் கிடக்கிற நாய்க்கு வளைந்து நீண்டிருக்கும். கடைசியாகத் தண்ணீர்ப் பாத்திரம் வட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, எட்டாத தூரத்தில் கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பேன். 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் அதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும்.

ஆனால் மாடியிலிருந்து எடுத்த படத்தில் கழுத்து தெரியாது. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். இரண்டு மாதக் குட்டியாக வீட்டுக்கு வந்த அன்று ஒரு நைலான் கயிற்றைக் கட்டியிருப்பார்கள். குட்டி வளர வளரக் கழுத்து பருக்கும். முடிச்சை யாரும் தளர்த்தியிருக்க மாட்டார்கள். "கழுத்தில் ஏதோ நாற்றம்" என்று ஒரு நாள் கொண்டுவருவார்கள். மயக்க ஊசி போட்டு, ஒட்டிப்போன முடியைக் கத்தரித்தால் கயிறு கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவினால் தோலுக்கு அடியில் நரம்பு மாதிரி தட்டுப்படும். கயிற்றின் மேல் சதை வளர்ந்து மூடியிருக்கும். பிளேடால் கீறி, கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம், பள்ளம் முழுக்கப் புழு. ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில்கூடப் புழு பொரிந்துவிடும். பிறகு வாரக்கணக்கில் மருந்து போட்டுத்தான் ஆற்ற வேண்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மாதம் ஒரு முறை, பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்திருந்தால் இந்த நாய்க்கு இது வந்தே இருக்காது.

கழுத்தில் ஈ மொய்ப்பது, நாய் ஓயாமல் தலையை உதறுவது, சுவருக்கு இந்தப் பக்கம் வரை வாடை அடிப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். மற்றதற்கெல்லாம் பொறுமையாகப் பேசலாம். இதற்கு அன்றைக்கே பேசியாக வேண்டும்.

கயிறு உருவி எடுத்த நாய்களின் சொந்தக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் கொடுமைக்காரர்கள் அல்லர். நாயின் கழுத்தை மாதக்கணக்கில் தொட்டுப் பார்க்காதவர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று குட்டி வாங்கியிருப்பார்கள். பிள்ளைகள் கல்லூரி விடுதிக்குப் போயிருப்பார்கள். அல்லது நாய் யாரையோ ஒரு முறை கடித்திருக்கும், அன்று கட்டியது இன்னும் அவிழ்க்கப்படவில்லை. "அவிழ்த்தால் கடித்துவிடும்" என்பார்கள். அது பொய்யில்லை. பயந்த நாய்க்கு விலகி ஓட வழியிருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். கட்டிய நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிடுவதால் குரைக்கும், பாயும், கிட்டே வந்த கையைக் கவ்வும். அதைப் பார்த்து இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். "காவலுக்குத்தான் வைத்திருக்கிறோம்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சங்கிலி எவ்வளவு தூரம் எட்டும் என்பது திருடனுக்குத் தெரியாதா? இந்தக் கேள்வி சட்டத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆசிரியை, பக்கத்து வீட்டு அல்சேஷன் கலப்பு நாய்க்காகப் புகார் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில். அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகன் வாங்கிவிட்டுப் போன நாய், அவரை ஒரு முறை இழுத்துத் தள்ளியிருக்கிறது. அதிலிருந்து அவிழ்ப்பதில்லை. புகாரைப் பையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். முதலில் அந்த அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசுங்கள், நாயைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றேன். அவரும் போய், "பெரியம்மா, குனிந்து தண்ணீர் வைக்க உங்களுக்குச் சிரமமாக இருக்குமே, காலையில் பள்ளிக்கூடம் போகும்போது நான் ஊற்றிவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சொன்ன பதிலை ஆசிரியை என்னிடம் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது. "என் பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதே அம்மா, நாயைப் பட்டினி போட்டேன் என்று நினைப்பான்." நாய் படும் பாடு அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. உதவி கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். இன்று ஆசிரியையின் மகன் மாலையில் அந்த நாயை நடத்திக் கூட்டிப்போகிறான்.

எல்லாக் கதவும் இப்படித் திறக்காது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் முதல் நாள் பேச்சில் "உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" என்பது மட்டும் வேண்டாம். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டாம். தெரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போடவே வேண்டாம். ஊர் முன்னால் அவமானப்பட்டவர் திருந்துவதை நான் அதிகம் கண்டதில்லை. நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது சாலையோரம் விட்டுவிட்டு வந்ததைத்தான் கண்டிருக்கிறேன். கட்டிலேயே வளர்ந்த நாய்க்குச் சாலையைக் கடக்கத் தெரியாது.

பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு ஒன்று இருக்கிறது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ரேபிஸ் தடுப்பூசி போட வைத்தார். அந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும். "ஜூலையில் இலவசமாக ஊசி போடுகிறார்களாம், உங்கள் நாயையும் சேர்த்துக் கூட்டிப்போகலாமா?" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது. மேசையில் ஏற்றிவிட்டால் கழுத்தையும் உண்ணியையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் குற்றச்சாட்டு. டாக்டர் சொன்னால் அறிவுரை.

அவிழ்த்துவிடவே முடியாத வீடு என்றால் ஓடுகம்பி கட்டச் சொல்லுங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே தலைக்கு மேலே கெட்டியான கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டுவது. வளையம் கம்பியில் ஓடும், நாயும் ஓடும். பெரிய செலவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: சங்கிலி எட்டும் தூரத்தில் சுற்றுச்சுவரோ திண்ணையோ படிக்கட்டோ இருக்கக் கூடாது. சுவரைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கம் தரை எட்டாமல் தொங்கி உயிர் விட்ட நாய்கள் உண்டு. சங்கிலி நுனியில் சுழலும் கொக்கி வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கேறி நீளம் பாதியாகிவிடும். நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே மழைக்காலம் முடிந்ததும் சங்கிலியை மாற்றிவிடுவது நல்லது.

நிழல் என்றதும் பலர் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். மே மாதத்தில் தகரத்துக்கு அடியில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். கீற்றுக் கொட்டகை எவ்வளவோ மேல். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கடலோர ஈரக் காற்றில் அதுவும் முழுதாகக் கைகொடுக்காது. உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

மழைக்காலத்தில் ஆபத்து வேறு விதம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் புகுந்தது. ஆட்கள் முகாமுக்குப் போய்விடுவார்கள், நாய் கம்பத்தில் நிற்கும். அவிழ்த்துவிட்ட நாய் நீந்தியாவது மேடு ஏறும். புயல் எச்சரிக்கை வந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்; ஊருக்குக் கிளம்புகிறவர் என்றால் சாவியையோ கொக்கியை அவிழ்க்கும் அனுமதியையோ கேட்டு வாங்கிவையுங்கள். அந்த நேரத்தில் யாரும் மறுப்பதில்லை.

பேசிப் பார்த்தும் பயனில்லை என்றால் சட்டம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவாகப் பிறந்தது பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. அதன் 11-ஆவது பிரிவு நம் விஷயத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது. மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது, வழக்கமாகக் கட்டியே வைக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது, போதிய உணவும் தண்ணீரும் ஒதுங்க இடமும் கொடுக்காதது ஆகிய மூன்றும் தனித்தனிக் குற்றங்கள். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தொகை உயராதது வெட்கக்கேடு என்றே சொல்வேன். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் 100 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. இந்தக் குற்றங்களில் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீசார் நேரடியாக விசாரணையில் இறங்க முடியாது. ஸ்டேஷனில் உடனே ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் சோர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகப் புகாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. குற்றம் உறுதியானால், திரும்பக் கொடுத்தால் மறுபடியும் வதைபடும் என்று தெரிகிற பிராணியை உரிமையாளரிடமிருந்து எடுத்துவிட நீதிமன்றத்துக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். படங்களில் தேதி அவசியம். ஒரே நாளில் எடுத்த இருபது படங்களைவிட, காலை, நண்பகல், இரவு என்று வெவ்வேறு நாட்களில், உங்கள் வீட்டிலிருந்தே எடுத்த சில படங்கள் வலுவானவை. எழுத்து மூலமான புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்ப்பு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டு விதி. மனுவில் அதைக் குறிப்பிட்டு, கால்நடை மருத்துவரை நேரில் அனுப்பிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுவர் ஏறிக் குதித்து அவிழ்த்துவிடுவது, இரவோடு இரவாகத் தூக்கிவருவது இரண்டும் உங்களையே குற்றவாளியாக்கும். சுவருக்கு மேலிருந்து சோறு வீசுவதும் வேண்டாம். பாதி எட்டாத இடத்தில் விழுந்து எறும்பு மொய்க்கும். நாளைக்கு நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால், விஷம் வைத்தீர்கள் என்று உங்கள் பக்கம் விரல் நீளும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிராணிக்கு விஷம் வைப்பதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. வாசல் வழியாகப் போய், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சில சமயம், "அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே கொண்டுபோங்கள்" என்று அவர் சொல்லிவிடுவார். கோபத்தில் சொன்னதாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாயின் அடையாளம், தேதி, முழு மனதோடு ஒப்படைக்கிறேன் என்ற ஒரு வரி, கையெழுத்து. அது இல்லாமல் கொண்டுவந்தால், பிறகு வெளியூரிலிருந்து பிள்ளை வந்து கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது. நேராக மருத்துவரிடம் கொண்டுபோய் உண்ணிக்கு மருந்து, ரேபிஸ் ஊசி, இரத்தப் பரிசோதனை மூன்றையும் முடியுங்கள். பழகும் வரை குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்குத்தான் ஊசி போட்டாயிற்றே என்று காத்திருக்க வேண்டாம்.