பவர் பேங்க் வாங்கும்போது எத்தனை ஆயிரம் என்று மட்டும் பார்க்காதீர்கள்

மூன்று நாள் கரண்ட் இல்லாமல் தவித்துவிட்டு வந்த ஒருவர், போன் பழுது பார்க்கும் என் மேசைமேல் ஒரு பவர் பேங்கை வைத்தார். 30000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் சேர்த்து வைக்கும் என்பதன் அளவு) என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. "நாலு லைட்டும் எரியுது, ஆனா போன் ஒரு தடவைகூட முழுசா ஏறலை" என்றார். நெம்பித் திறந்தேன். உள்ளே நான்கு உருளை செல்கள். இரண்டுக்குத்தான் இணைப்பே இருந்தது. மற்ற இரண்டில் மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யம். எடுத்துக் குலுக்கினால் சரசரவென்று சத்தம் வந்தது. எடைக்காக மணலை அடைத்து வைத்திருக்கிறார்கள். கையில் கனமாக இருக்கிறதே என்று நம்பி வாங்கியவர் அவர். அந்த மூன்று நாளும் வெளியூரிலிருந்த மகளிடம் "நல்லா இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை என்று சொன்னபோது எனக்கு மனசு ஆறவேயில்லை.

இந்த ஏமாற்றைக் கடையில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம். பவர் பேங்குகளில் பரவலாகப் போடும் உருளை செல்லுக்கு 18650 என்று பெயர்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதில் மிக நல்ல செல்லே சுமார் 3500 எம்ஏஎச்தான் தாங்கும். அப்படியானால் 30000-க்குக் குறைந்தது ஒன்பது செல் வேண்டும். ஒவ்வொன்றும் 45 கிராமுக்கு மேல், ஆக செல் மட்டுமே 400 கிராமைத் தாண்டும். தட்டையான பாலிமர் செல் என்றாலும் எடைக்கணக்கு பெரிதாக மாறாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டியில் 30000, 50000 என்று போட்டிருந்தால் அது பொய். பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

நேர்மையான பவர் பேங்கிலும் ஒரு கணக்கு உண்டு. 10000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்லும் அளவு, அதாவது மொத்த ஆற்றல் 37 வாட்-மணி. வெளியே வருவது 5 வோல்ட். வோல்ட்டை அப்படி உயர்த்திக் கொடுக்கும்போது கொஞ்சம் ஆற்றல் சூடாக வீணாகிவிடும். அதனால் 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை இரண்டு முறை முழுசாக ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், சுமார் ஒன்றரை முறைதான். பல பெட்டிகளின் பின்புறம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 6000-ஐ ஒட்டி ஒரு எண் இருக்கும், 5 வோல்ட்டில் உண்மையில் வெளியே வருவது அவ்வளவுதான். எனக்கு அந்த எண்தான் முக்கியம். அதை அச்சிடத் துணிந்த கம்பெனியை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

கரண்ட் கட்டுக்காக வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை: இது எவ்வளவு வேகமாக நிரம்பும்? நாள் கணக்கில் மின்சாரம் தடைப்படும்போது நடுவில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வந்துவிட்டுப் போகும். அந்த நேரத்துக்குள் நிரப்பிக்கொள்ள முடிய வேண்டும். 20000 எம்ஏஎச், அதாவது 74 வாட்-மணி, உள்ளவற்றில் சில 10 வாட்டில்தான் ஏறும். முழுதாக நிரம்ப ஒன்பது மணி நேரம்கூட ஆகலாம். இரண்டு மணி நேரத்தில் அதில் சேர்வது ஒரு போனுக்கே முழுசாகப் போதாது. அதே இரண்டு மணி நேரத்தில், 18 வாட்டில் ஏறும் 10000 எம்ஏஎச் பேங்க் முக்கால் பங்குக்கு மேலேயே நிரம்பிவிடும். ஆகவே பெட்டியில் 'இன்புட்' என்ற வரியைத் தேடுங்கள். சி டைப்பில் 18 வாட், அதற்கு மேல் என்றால் நல்லது. சுவரில் மாட்டும் சார்ஜரும் அந்த வாட்டைத் தர வேண்டும். பழைய 5 வாட் சார்ஜரை மாட்டிவிட்டு பேங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதுகில் சோலார் தகடு ஒட்டியதைப் பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். அவ்வளவு சின்னத் தகடு நல்ல வெயிலிலேயே ஓரிரு வாட்தான் தரும். 10000-ஐ நிரப்ப நாட்கணக்கில் வெயிலில் போட வேண்டும். லித்தியம் செல்லுக்கோ வெயில் சூடு ஆகவே ஆகாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ரூட்டரையும் ஓட்ட நினைத்தால் அதன் அடாப்டரைப் பாருங்கள். பெரும்பாலும் 9 அல்லது 12 வோல்ட் கேட்கும். சாதாரண யூஎஸ்பியின் 5 வோல்ட் அதற்குப் போதாது, வோல்ட்டை ஏற்றித் தரும் தனி ஒயர் வேண்டும்.

இருக்கிற சார்ஜை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். கரண்ட் நீண்ட நேரம் போனால் டவர்களின் பேட்டரியும் தீர்ந்துபோகும். சிக்னல் தேடித் தேடியே போன் காலியாகும். பேசும்போது மட்டும் திறந்துவிட்டு, மற்ற நேரம் ஏரோபிளேன் மோடில் வையுங்கள். போனை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். ஒயர் இல்லாமல் ஏற்றும் வசதி இருந்தாலும் அந்த நாட்களில் வேண்டாம், வீணாவது அதிகம்.

உப்பிய பவர் பேங்கை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று என்னிடம் கேட்பார்கள். ஓட்டக்கூடாது. மூடி லேசாக விரிந்தாலும், மேசையில் வைத்தால் ஆடினாலும், அதோடு நிறுத்திவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. பழைய பேட்டரி வாங்கும் மின்கழிவு மையத்தில் கொடுங்கள். நல்ல பேங்கையும் தலையணைக்கடியில் வைத்து ஏற்றாதீர்கள்.

வாங்கி வைத்துவிட்டு ஆறேழு மாதம் மறந்துபோனவர்கள்தான் அவசரத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும். அடியோடு இறங்கினால் செல்லே கெடும். பாதிக்குச் சற்று மேல் ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே முழுசாக நிரப்புங்கள். அதற்கான ஒயரையும் ரப்பர் பேண்ட் போட்டு அதனோடேயே கட்டி வைத்துவிடுங்கள். இருட்டில் ஒயரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.